ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, இந்தியக் குடியுரிமையை விடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2019-ல் ப்ளூ கார்டு என்னும் வேலை விசாவில் ஜெர்மனிக்கு வந்தவர், நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) வாங்கிவிட்டார். மனைவியும் இங்கேதான் வேலை பார்க்கிறார், இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறார். ஊரில் அப்பா, "பொறந்த மண்ணை எழுதிக் கொடுத்துட்டு வரப்போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாராம். கூட வேலை பார்க்கும் நண்பர்கள், பிஆர் இருக்கும்போது அது எதற்கு, அதே வேலை அதே சம்பளம்தானே என்கிறார்கள்.

நான் 2008-ல் வந்தேன், 2022-ல் குடியுரிமை எடுத்தேன். நடுவில் இருந்த பதினான்கு வருடமும் இந்தக் கேள்வி என்னோடுதான் இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எடுக்கலாம், உங்கள் நிலையில் எடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் உங்கள் அப்பா சொல்வதையும் நண்பர்கள் சொல்வதையும் தள்ளிவிட்டு அந்த முடிவுக்கு வரக்கூடாது.

முதலில் நண்பர்கள் சொல்வது. அன்றாட வாழ்க்கையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது உண்மைதான். பிஆர் இருந்தால் எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், குழந்தைக்கான மாதப் பணம் வரும், ஓய்வூதியம் சேரும். வித்தியாசம் எங்கே தெரிகிறது என்றால், நீங்கள் இந்த நாட்டை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே இருக்க வேண்டி வரும்போதுதான். நிரந்தரம் என்று பெயர் இருந்தாலும் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அது தானாகவே காலாவதி ஆகிவிடும். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் கூடுதல் அவகாசம் தருவார்கள், கேட்காமல் போனவர்களுக்குத்தான் சிக்கல்.

எனக்கு அது 2017-ல் நடந்தது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். பிசியோதெரபி செய்பவர் தினமும் காலையில் வருவார், நான் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொள்வேன். கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும், ஒவ்வொரு தாளைக் கிழிக்கும்போதும் ஆறு மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசு கணக்குப் போடும். அவகாசம் கேட்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது விமானம் ஏறினேன். அம்மா அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்திருந்தார். தனியாக நடந்ததை இரண்டு மாதம் கழித்துத் தம்பி அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன்.

இந்தியக் குடியுரிமை கையில் இருந்தும் பெற்ற தாயோடு என்னால் இருக்க முடியவில்லை. ஜெர்மன் குடியுரிமையும் ஓசிஐ அட்டையும் இருந்திருந்தால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்திருக்கலாம். ஓசிஐ என்பது வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும், ஆயுள் முழுக்கச் செல்லும் விசா, இந்தியாவில் எத்தனை நாள் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. ஜெர்மன் குடிமகன் எத்தனை வருடம் வெளியே இருந்தாலும் திரும்பி வரலாம். குடியுரிமையை மாற்றினால் அப்பா அம்மாவை விட்டு விலகிவிடுவோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு நடைமுறையில் அது நேர் எதிராக வேலை செய்கிறது. உங்கள் அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சரி, அப்பா சொல்வதற்கு வருவோம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசியலமைப்பின் 9-வது பிரிவும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த கணத்திலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ள எல்லோரையும் அனுமதிக்கிறது, துருக்கிக்காரருக்கு அது பெரிய விஷயம், நமக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. சிலர் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இரண்டையும் பயன்படுத்தலாம் என்று யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அது 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

இழப்பது என்னென்ன? இந்தியாவில் ஓட்டு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலைக்குப் பொதுவாகத் தகுதி இல்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது; வெளிநாட்டில் வசிக்கும் வரை இந்தியக் குடிமகனுக்கும் இதே தடைதான், ஊருக்குத் திரும்பிய பிறகும் வாங்க முடியாது என்பதுதான் இதில் இழப்பு. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம், விற்பதாக இருந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். டெல்டாக்காரனான எனக்கு இந்த ஒன்றுதான் ரொம்ப நாள் உறுத்தியது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல் விலைக்கு வந்தபோது தாத்தா காலத்தில் அதுவும் நம்முடையதுதான் என்று அப்பா சொன்னார், என்னால் என் பெயரில் வாங்க முடியவில்லை, தம்பி வாங்கினான். நகரத்தில் மனையோ வீடோ ஃபிளாட்டோ வாங்குவதற்குத் தடை இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓசிஐயை இரட்டைக் குடியுரிமை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், அது அப்படி இல்லை. அரசாங்கம் கொடுத்த சலுகை அது, விதிகளை அரசாங்கமே மாற்றலாம். 2021 மார்ச்சில் ஓர் அறிவிக்கை வந்தது, அதன்படி ஆய்வு, பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்கு ஓசிஐ வைத்திருப்பவர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் என்ஆர்ஐ போன்ற தனி இடங்களுக்கு மட்டும்தான் போட்டி போட முடியும். பிள்ளையை ஊரில் டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். 2019-ல் செய்த திருத்தப்படி சட்ட மீறலுக்காக அட்டையை ரத்து செய்யவும் முடியும். ஆனால் திரும்பும் வழி ஒரேயடியாக அடைபட்டுவிடுவதில்லை. ஓசிஐ பதிவாகி ஐந்து வருடம் கடந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடம் இந்தியாவில் வசித்தவர் மறுபடி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் லாப நட்டக் கணக்கு. இந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவு எடுத்திருந்தால் நான் பிஆரோடு நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்னை மாற்றியது வேறு.

என் வீட்டுக்குக் கீழ்த் தளத்தில் ஒரு துருக்கிப் பெரியவர் இருந்தார். 1969-ல் கார் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். ஜெர்மனி 1961 அக்டோபர் 30-ல் துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது, 1973 நவம்பரில் நிறுத்தியது. அவர்களுக்கு வைத்த பெயரே விருந்தாளித் தொழிலாளர். விருந்தாளி என்றால் போய்விடுவான் என்று அர்த்தம், பலர் போகவில்லை, குடும்பம் வந்தது, பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். ஆனால் 1913-ல் போட்ட குடியுரிமைச் சட்டம் ரத்த வழியைத்தான் பார்த்தது, பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை. 2000-ஆம் ஆண்டு வரை இங்கே பிறந்த துருக்கிப் பிள்ளையும் சட்டப்படி வெளிநாட்டவர்தான். 2000-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, ஆனால் 23 வயதுக்குள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். அப்பா நாடா, பிறந்த நாடா என்று அந்த வயதுப் பிள்ளையைக் கேட்கிற அந்த நிபந்தனையைப் பெரும்பாலானவர்களுக்கு 2014-ல்தான் நீக்கினார்கள்.

அந்தப் பெரியவர் ஒவ்வொரு தேர்தல் ஞாயிற்றுக்கிழமையும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு மகளோடு வாக்குச்சாவடி வரைக்கும் போவார். மகளுக்கு ஓட்டு உண்டு. இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஐம்பது வருடம் வரி கட்டியவர், நகராட்சித் தேர்தலில்கூட ஓட்டு கிடையாது. துருக்கிக் குடியுரிமையை விட்டால்தான் ஜெர்மன் குடியுரிமை என்றபோது, கூடப் பிறந்தவர்கள் புதைக்கப்பட்ட ஊரை விட மாட்டேன் என்று இருந்துவிட்டார். 2023 மார்ச்சில் காலமானார். அடுத்த வருடம் ஜூனில் வந்த சட்டம், 1974 ஜூன் 30-க்குள் மேற்கு ஜெர்மனிக்கு வந்த அந்தத் தலைமுறைக்கு எழுத்துப் பரீட்சை வேண்டாம், பேசத் தெரிந்தால் போதும், பழைய குடியுரிமையும் இருக்கட்டும் என்றது. அவருக்கு அது எட்டவில்லை.

நகராட்சித் தேர்தலிலாவது வெளிநாட்டவருக்கு ஓட்டுக் கொடுக்கலாம் என்று ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன், ஹாம்பர்க் மாநிலங்கள் ஒரு காலத்தில் சட்டம் போட்டன. கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 அக்டோபர் 31-ல் அது செல்லாது என்றது. ஓட்டு என்பது குடிமக்களுக்கு உரியது, நிரந்தரமாக ஆளப்படுகிறவர்களுக்கும் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது என்றால் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்துங்கள் என்ற வழியையும் அந்தத் தீர்ப்பே காட்டியது. எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்களுக்கு நகராட்சி ஓட்டு வந்தது, நமக்கும் துருக்கிக்காரருக்கும் இன்றுவரை இல்லை. ஆக, பிஆரில் இருக்கும் நாம் எவ்வளவு காலம் இருந்தாலும் நம்மைப் பற்றி மற்றவர்கள் எடுக்கும் முடிவுகளைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஓட்டு இல்லாத உழைப்பாளிக் கூட்டத்துக்கு என்ன நடக்கும் என்பது தமிழர்களாகிய நமக்குப் புதிய பாடம் இல்லை. இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது, ஏறக்குறைய ஏழு லட்சம் பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்திருந்தது, ஓட்டு பறிபோன பிறகு 1952-ல் ஒரு இடம்கூட இல்லை. பேச ஆள் இல்லாமல் போனதும் 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. மலையகத்தார் நிலையும் ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் எழுதுகிறவர் நிலையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே இருந்ததைப் பிடுங்கினார்கள், இங்கே கொடுக்கிறோம் என்கிறார்கள். கொடுக்கிறோம் என்னும்போது வேண்டாம் என்று இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல், எனக்கு முதல் நாடாளுமன்ற ஓட்டு. எங்கள் பகுதியின் தொடக்கப் பள்ளிதான் வாக்குச்சாவடி, என் மகன் படித்த அதே வகுப்பறை, குள்ள நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். அழைப்புக் கடிதத்தைக் காட்டியதும் நீளமான ஒரு தாளைக் கொடுத்தார்கள், இடது பக்கம் கறுப்பில் தொகுதி வேட்பாளர்கள், வலது பக்கம் நீலத்தில் கட்சிகள், ஆளுக்கு இரண்டு ஓட்டு. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பழக்கத்தில் இடது கை விரலை நீட்டினேன். மை வைக்க மாட்டார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தேர்தலில் எந்த மேடையிலும் குடியேறியவர்களைப் பற்றித்தான் பேச்சு, அவர்களை எதிர்த்தே வளர்ந்த கட்சி 20.8 சதவீதம் வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்தப் பேச்சையெல்லாம் பதினேழு வருடம் வெளியாளாகக் கேட்டவன் நான், அன்றைக்கு முதல் முறையாக எனக்கும் அதில் ஒரு பதில் சொல்ல இடம் இருந்தது. வெளியே வரும்போது அந்தப் பெஞ்ச் காலியாக இருந்தது.

பாஸ்போர்ட் வந்துவிட்டால் எல்லோரும் நம்மை ஜெர்மானியராகப் பார்ப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டா நடக்கிறோம்? டிராமில் "எந்த ஊர்?" என்று கேட்பவர், நகரத்தின் பெயரைச் சொன்னால் "சொந்த ஊர்?" என்று மறுபடி கேட்பார். 1993-ல் சோலிங்கனில் துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பெண்களையும் சிறுமிகளையும் கொன்றார்கள். 2020 பிப்ரவரியில் ஹனாவில் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான், அவர்களில் ஜெர்மன் குடிமக்களும் இருந்தார்கள். வெறுப்பவன் அட்டையைக் கேட்டுவிட்டு வெறுப்பதில்லை. ஆனால் ஓர் அரசாங்கம் நாளைக்கு உங்களை வெளியே போ என்று சொல்ல முடியாது, ஜெர்மன் அரசியலமைப்பின் 16-வது பிரிவு குடியுரிமையைப் பறிப்பதைத் தடை செய்கிறது, ஹிட்லர் காலத்தில் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட பிரிவு அது. பிஆருக்கு அந்தக் காவல் இல்லை.

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லக்கூடியவர்களும் உண்டு. மூன்று நான்கு வருடத்தில் ஊருக்கே திரும்பிவிடுவோம் என்று உறுதியாக இருப்பவர்கள், ஊரில் நிலம் வாங்கி விவசாயம் பார்க்க நினைப்பவர்கள், பொது வாழ்க்கையில் இறங்கும் எண்ணம் உள்ளவர்கள். விசா இல்லாமல் நாலு நாடு சுற்றலாம் என்பதற்காக மட்டும் எடுக்கப் போகிறவர்களையும் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். ஏனென்றால் உறுதிமொழி என்று ஒன்று இருக்கிறது, இந்த நாட்டின் சுதந்திர ஜனநாயக ஒழுங்கை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், 2024 முதல் நாஜி ஆட்சியின் அநீதிக்கு ஜெர்மனிக்கு இருக்கும் தனிப் பொறுப்பையும் யூத வாழ்வைக் காக்கும் கடமையையும் ஏற்கிறேன் என்றும் சேர்த்திருக்கிறார்கள். மனசார ஒப்புக்கொள்ள முடிந்தால் போடுங்கள். சில வீடுகளில் கணவன் மனைவியில் ஒருவர் மாற, ஒருவர் இந்தியராகவே இருக்கிறார்கள், ஊருக்குத் திரும்பினால் நிலம் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ள முடியும் என்பதால். அதுவும் நல்ல ஏற்பாடுதான், உங்கள் மனைவியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

நடைமுறை: ஐந்து வருடம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், சொந்த வருமானத்தில் வாழ வேண்டும், பி1 என்னும் நடுத்தர அளவுக்கு ஜெர்மன் தெரிய வேண்டும். குடியுரிமைப் பரீட்சை 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் போதும், 310 கேள்வி கொண்ட தொகுப்பு முன்கூட்டியே வெளியாகியிருக்கிறது, இரண்டு வாரம் மாலையில் உட்கார்ந்தால் முடியும். கட்டணம் உங்களுக்கு 255 யூரோ, உங்கள் கூடவே சேர்த்து விண்ணப்பிக்கும் குழந்தைக்கு 51. மூன்று வருடத்தில் எடுக்கலாம் என்று இருந்த குறுக்கு வழியை 2025 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள், மறுபடி எட்டு வருடம் ஆக்க வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் முடிவு எடுத்துவிட்டால் தள்ளிப் போடாதீர்கள். 2024-ல் மட்டும் ஏறக்குறைய 2,92,000 பேர் குடியுரிமை பெற்றிருக்கிறார்கள், அலுவலகங்கள் திணறுகின்றன. நான் இருந்த நகரத்தில் விண்ணப்பித்துப் பதினாறு மாதம் ஒரு வரி பதில் வரவில்லை. நியாயமான காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் முடிவு சொல்லாமல் இருந்தால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது, ஒரு வக்கீல் கடிதம் போட்டதும் என் கோப்பு நகர்ந்தது.

சான்றிதழ் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து நீங்கள் இந்தியர் இல்லை, அதனால் ஊருக்கு டிக்கெட் போடாத ஒரு காலமாகப் பார்த்து அந்த நாளை வையுங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்து, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஓசிஐ வரும் வரைக்கும் ஊருக்குப் போவதென்றால் விசா எடுத்துத்தான் போக முடியும். என் பழைய பாஸ்போர்ட் ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது, சென்னை விமான நிலையத்தின் முதல் முத்திரை அதில்தான் இருக்கிறது, பீரோவில் அம்மாவின் படத்தோடு வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். அதனால் உங்கள் பாஸ்போர்ட்டில் உங்கள் அப்பா பெயர், மனைவி பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர், குழந்தைக்கு உங்கள் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருக்கும், குழந்தைகள் மருத்துவர் முதல் விமான நிலையம் வரை இவள் உங்கள் மகள்தானா என்று கேட்பார்கள். குடியுரிமை கிடைத்ததும் முன்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் ஜெர்மன் சட்டத்துக்கு ஏற்ப ஒழுங்கு செய்துகொள்ளப் பதிவு அலுவலகத்தில் வழி இருக்கிறது. உங்கள் மூன்று பேருக்கும் எது பொருந்தும் என்று விண்ணப்பத்துக்கு முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள், ஓசிஐக்குப் போட்ட பிறகு மாற்றினால் இரண்டு பக்கமும் காகிதம் சுமக்க வேண்டி வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக வைத்தோம். தஞ்சை ஜில்லாவைத் தாண்டி அதிகம் போகாதவர் அவர். பெயரில் ஒரு ழ உண்டு. என் மகனின் வகுப்பு ஆசிரியை அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து முறை முயன்று பார்த்தார். உங்கள் அப்பா அடுத்த முறை போனை எடுக்கும்போது, பேத்தி இந்த நாட்டில் காலத்துக்கும் அவருடைய பெயரோடுதான் இருக்கப் போகிறாள் என்று சொல்லிப் பாருங்கள்.